பெட்டி ஒட்டும் வீட்டுக்கு எந்த விளக்கு?

கேள்வி: புதிதாகக் காங்கிரீட் வீடு கட்டிக் குடிபோகப் போகிறோம். பழைய வீட்டில் மாட்டிய எல்.இ.டி. பல்புகள் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. கடைக்காரரோ, "வெள்ளை வெளிச்சம்தான் பளிச்சென்று இருக்கும், எத்தனை வாட் வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்" என்கிறார். ராத்திரியில் நானும் அத்தையும் தரையில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறோம், கண் எரிகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
— ஒரு வாசகி, ஏழாயிரம்பண்ணை

பதில்: குண்டு பல்பின் காலத்தில் அறுபது வாட் என்றால் இவ்வளவு பிரகாசம் என்பது ஊரறிந்த கணக்காக இருந்தபடியால், கடைக்காரர் இன்றும் வாட் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆயினும் வாட் என்பது விளக்கு உட்கொள்ளும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது தரும் வெளிச்சத்தின் அளவன்று. வெளிச்சத்தை அளப்பது லூமென். அந்த 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் தந்தது. இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று 900 லூமென் வரை தருகிறது. இரண்டு பல்புகளின் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லூமென் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளைதான் அதிகப் பிரகாசம் என்பது பெரும்பாலும் பிரமையே. அட்டையில் 3000, 4000, 6500 என்று கெல்வினில் காணும் எண்கள் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்பவை. 3000 குண்டு பல்பின் பொன்னிறம். 6500 நீலம் கலந்த வெண்மை. வேலைக்கும் அடுப்படிக்கும் 4000, படுக்கும் அறைக்கு 3000 என்பது என் அபிப்பிராயம்; வீடு முழுவதும் 6500 மாட்டிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் குடியிருப்பது போல வாழ்வானேன்?

உங்கள் கண் எரிச்சலுக்குப் பிரதான காரணம், விளக்கு இருக்கும் இடமாகவே இருக்கக்கூடும். முதுகுக்குப் பின்னே சுவரின் உச்சியில் டியூப்லைட் எரிய, நீங்கள் குனிந்து பசை தடவும்போது, உங்கள் தலையின் நிழலே அட்டையின் மடிப்பின்மேல் விழுகிறது. அந்த நிழலுக்குள் ஓரத்தைத் தேடித் தேடி ஒட்டும் கண் களைக்காமல் என்ன செய்யும்? பல்புக்கும் வேலைக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பாதியாக்கினால், விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆதலால் பத்தடி உயரத்தில் 20 வாட் விளக்கு மாட்டுவதைக் காட்டிலும், மூடாக்கு வைத்த 9 வாட் பல்பு ஒன்றை உங்கள் முன்பக்கத்தில், வலக்கைக்காரரானால் இடப்புறமாக, தரையிலிருந்து நாலைந்து அடியில் தொங்கவிடுவது எவ்வளவோ மேல். விட்டுவிட்டு மின்னும் விளக்கும் கண்ணை வருத்தும். செல்போன் காமிராவைப் பல்பை நோக்கிப் பிடித்தால் திரையில் கரும்பட்டைகள் ஓடுகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்து, நிறங்கள் சரியாகத் தெரியும் விஷயம். நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டதற்காகவே அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிக நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அந்த நீலத்தை மஞ்சள் ஒளிர்பூச்சின் வழியே செலுத்தித்தான் வெள்ளை வெளிச்சம் உண்டாக்குகிறார்கள். மட்டரகச் சரக்கில் சிவப்பின் பங்கு குறைந்துபோவதால், சிவகாசி அச்சகத்தின் செக்கச்செவேலென்ற லேபிள்கூட மங்கித் தெரியும். நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண் 80-க்குக் குறையாமலும், நிறம் பார்க்கும் இடத்தில் 90 ஆகவும் இருப்பது விசேஷம்.

இனி, பல்புகளின் அற்பாயுள். எல்.இ.டி. சில்லு எளிதில் சாவதில்லை. அடியிலுள்ள டிரைவர் என்னும் மின்சுற்றுதான் சாகிறது. அதிலுள்ள கெப்பாசிட்டரின் ஆயுள், உஷ்ணம் பத்து டிகிரி கூடுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகிறது என்பார்கள். கரிசல் சீமையின் சித்திரை வெயிலில் காய்ந்த காங்கிரீட் தளத்தை ஒட்டி, நாலாபுறமும் மூடிய கண்ணாடிக் குமிழுக்குள் பல்பை அடைத்துவைத்தால் அது எப்படிப் பிழைக்கும்? காற்றோட்டமுள்ள ஹோல்டரோ, நீண்ட பேட்டன் விளக்கோ வாங்குங்கள். மின்னழுத்தம் திடீரென்று பாய்ந்து எழுவதைத் தாங்க, 4 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பு என்று அச்சிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பல்பின் மேல் ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இல்லாத சரக்கை இலவசமாகக் கொடுத்தாலும் தொடவேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: எல்.இ.டி. அதிகம் சுடாது என்ற தைரியத்தில் பட்டாசு மருந்தோ திரியோ வீட்டுக்குள் வரலாகாது. சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறி போதும். மருந்து வேலைக்கு உரிய இடம் உரிமம் பெற்ற ஆலை. உரிய வெளிச்சம் பகல்.

மிச்சக் கணக்கையும் பார்த்துவிடலாம். சோக் வைத்த பழைய டியூப்லைட் ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். 20 வாட் பேட்டன் அதற்கு ஈடு. நான்கு விளக்குகள் தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 36 யூனிட் மிச்சம். அரசு தரும் இலவச யூனிட்டுகளுக்குள் அடங்கும் வீட்டில் பில்லில் இது தெரியாது; அதைத் தாண்டும் வீட்டில் நன்றாகத் தெரியும். வாங்கிய தேதியைப் பல்பின் கழுத்தில் மார்க்கரால் எழுதி, பில்லை அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் கெட்டால் மாற்றித்தர மறுக்கும் கடைக்காரரிடம் வாதாட அதுவே சாட்சி.