போதிகையில் தொங்கும் பூ

அன்புள்ள தம்பிக்கு,

உன் படக்கதை வந்து நான்கு நாளாகிறது. பதினோராம் பக்கம் மனதை விட்டுப் போகவில்லை. ராஜராஜன் தூணருகே நிற்கிறான். தலைக்கு மேலே, தூண் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையிலிருந்து வாழைப்பூ தொங்குகிறது! தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010இல். அந்தப் பூ நாயக்கர் காலத்துப் பூ. அதே பிராகாரத்து முருகன் கோயிலைப் பார்த்து வரைந்திருப்பாய் என்று நினைக்கிறேன். அது நாயக்கர் கட்டியது. மறுபக்கத்தில் நீ போட்டிருக்கும் பெரிய நந்தியும் அவர்கள் காலத்ததுதான்.

போதிகை சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. பல்லவர் காலத்து மாமல்லபுரத்தில் அது வளைந்து, அலையலையாக வரியோடியது. சோழச் சிற்பி வளைவைச் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு துண்டை முன்னுக்கு நீட்டினான். பிற்காலச் சோழர் கோயில்களில் அந்த நீட்டல் மெல்லப் பூச்சாயல் கொள்கிறது. விஜயநகரத்தில் மொட்டாகிக் கவிழ்கிறது. நாயக்கர் காலத்தில் வாழைப்பூவாகவே தொங்குகிறது. பூவை வைக்கலாம் என்று யாரும் ஒரே நாளில் முடிவு செய்யவில்லை, தம்பி. அப்பன் நிறுத்திய இடத்திலிருந்து பிள்ளை இன்னும் இரண்டு விரற்கடை உளியை ஓட்டினான். அப்படியே ஐந்நூறு வருஷத்துக்கு மேல். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் இந்த மாதிரி உறுப்புகளை வைத்தே காலம் சொல்லலாம் என்று புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1914இலேயே எழுதிக் காட்டிவிட்டார். கூரை விளிம்பில் வளைவாக வரும் கூடு ஒன்று போதும்: உச்சியில் மண்வெட்டி போன்ற தகடு என்றால் பல்லவர், சிங்கமுகம் என்றால் சோழர்.

பத்தொன்பது வயதில் என் ஆசிரியர் என்னை ஒரு வருஷம் போதிகை மட்டுமே வரைய வைத்தார். வௌவால் நாற்றத்தில் மல்லாந்து படுத்து வரைவேன். “காலத்தைச் சொல், அப்புறம் கோடு போடு” என்பார். தப்பாகச் சொன்னால் தாளை வாங்கிக் கிழித்துவிடுவார். தாராசுரத்துச் சோழர் கோயிலில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக் கல்லில் வைத்து, நீட்டலின் முனையைத் தடவச் சொன்னார். அந்தக் குளிர்ச்சி இன்னும் விரலில் இருக்கிறது.

இருபத்து மூன்றாம் பக்கம். கல்தூளில் சுருண்டு தூங்கும் சிற்பியின் பையன், விரல் விடாத சிற்றுளி. அதைப் பார்த்து அழுதேன். நாற்பது வருஷம் வரைந்தும் எனக்கு அமையாத கோடு அது.

அந்தப் பையன் வரும் கதையில் அந்த வாழைப்பூ இருக்கக்கூடாது. பதினோராம் பக்கத்தை மறுபடி வரை. தாராசுரத்தில் நான் வரைந்த ஏடு இத்துடன் வருகிறது, நீயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்