சேலத்தில் கரணமடித்த விமானம் ஏற்காட்டிலும் கரணமடிக்குமா?

ரேடியோ அலைகளால் தரையிலிருந்து இயக்கப்படும் மாதிரி விமானங்களில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியுடன் வந்தார். இறக்கையின் நீளம் 2.2 மீட்டர், எரிபொருளுடன் எடை 8 கிலோகிராம். வானில் கரணமடிக்கவும், மூக்கை மேலே நிமிர்த்தி ஒரே இடத்தில் அந்தரத்தில் தொங்கவும் வல்ல பெரிய விமானம் அது. அதற்கு 55 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணியிருந்தார். "சேலத்தில் இது போதும் என்கிறார்கள். ஏற்காட்டிலும் பறக்கவிட விரும்புகிறேன். அங்கும் போதுமா?" என்பதே கேள்வி.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். சேலம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 280 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இந்த உயர வேறுபாடு ஓர் இயந்திரத்தை என்ன செய்கிறது என்பதைக் காண்போம்.

புட்டிக்குள் ஒரு மலை

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் புட்டி ஒன்றை ஏற்காட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஏரிக்கரையில் நின்று, ஈரமில்லாத அந்தப் புட்டியைத் திறந்து வைத்து, பின் காற்றுப் புகாமல் இறுக மூடுங்கள். சேலத்துக்கு வந்ததும் அரை மணி நேரம் நிழலில் வைத்துவிட்டு, ஒரு வாளி நீரில் தலைகீழாக அமிழ்த்தி மூடியைத் திறவுங்கள். நீர் உள்ளே ஏறும்! உள்நீர் மட்டமும் வெளிநீர் மட்டமும் சமமாகும்படி புட்டியைப் பிடித்து, அப்படியே மூடி வெளியே எடுத்து, உள்ளே புகுந்த நீரை அளந்து பாருங்கள்.

எவ்வளவு நீர் இருக்கும்? கோடைக்காலப் பிற்பகல் என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டில் காற்றழுத்தம் சுமார் 85 கிலோபாஸ்கல், வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். சேலத்தில் அழுத்தம் சுமார் 98 கிலோபாஸ்கல், வெப்பநிலை 37 டிகிரி, அதாவது 310 கெல்வின். நல்லியல்பு வாயு விதிப்படி,

புதிய பருமன் = 1000 × (85/98) × (310/300) = 896 மில்லிலிட்டர்.

எனவே ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் நீர் புகுந்திருக்கும். ஏற்காட்டில் ஒரு லிட்டர் இடத்தை நிரப்பிய காற்று, சேலத்தில் 0.9 லிட்டருக்குள் அடங்கிவிட்டது. அதாவது, ஏற்காட்டுக் காற்றின் அடர்த்தி சேலத்துக் காற்றின் அடர்த்தியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு. அழுத்தம் மட்டும் பார்த்தால் 13 விழுக்காடு குறைவு. ஆனால் சேலத்து வெயில் அங்குள்ள காற்றையும் விரியச் செய்து விடுவதால் அடர்த்தியின் குறைவு 10 விழுக்காட்டோடு நின்றது. உயரத்தைப் போலவே வெப்பமும் காற்றை மெலியச் செய்யும் என்பதை மறக்கலாகாது.

இயந்திரம் மூச்சு விடுகிறது

நமது மாணவர் தேர்ந்தெடுத்த இயந்திரத்தின் சிலிண்டர் விட்டம் 45 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தொலைவு 35 மில்லிமீட்டர். பை ஆர் ஸ்கொயர் எச் வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள், 55.6 கன சென்டிமீட்டர் கிடைக்கும். இந்த இடம் முழுவதும் காற்றால் நிரம்புவதாகக் கொண்டால், சேலத்தில் ஒரு சுற்றுக்கு 61 மில்லிகிராம் காற்று உள்ளே வரும். ஏற்காட்டில் வருவதோ 55 மில்லிகிராம்தான். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காற்றுக் குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். பிறக்கும் ஆற்றலும் அதே விகிதத்தில் குறையும். பெயர்ப்பலகையில் 5.5 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கலாம். ஆனால் இயந்திரம் பெயர்ப்பலகையை அல்ல, காற்றையே உண்கிறது.

மின்மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் காற்று உணவன்று. ஆனால் இவ்வளவு பெரிய விமானத்தை நெடுநேரம் பறக்கவிட வேண்டுமாயின் மின்கலங்களின் எடை கூடும். பெட்ரோலோ ஒரு கிலோகிராமில் சுமார் 44 மெகாஜூல் வெப்பம் தரும்.

சுழற்சிமானி செய்யும் ஏமாற்று

இங்கே ஒரு வியப்பு. சேலத்தில் இயந்திரம் நிமிடத்துக்கு 7,000 சுற்றுச் சுற்றியது என்க. ஏற்காட்டில் எவ்வளவு சுற்றும்? "6,300" என்று பலர் உடனே விடையளிப்பர். அது தவறு. ஏறத்தாழ அதே 7,000 சுற்றுகளே காட்டும்!

காரணம் எளிது. சுழல்விசிறியைச் சுழற்றும் இயந்திரத்தின் திருப்புவிசை பத்தில் ஒன்பதாகக் குறைந்தது உண்மை. ஆனால் சுழல்விசிறியை எதிர்க்கும் காற்றும் அதே பத்தில் ஒன்பதாக மெலிந்துவிட்டதே! இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால், இரண்டும் சமமாகும் வேகம் மாறுவதில்லை. இயந்திரத்தின் உள் உராய்வு மட்டும் குறையாததால் சுற்றுகள் சிறிதளவே குறையும்.

ஆகவே சுழற்சிமானியை மட்டும் நம்புகிறவர், "குறை ஒன்றும் இல்லை" என்று விமானத்தை ஏவிவிடுவார். ஆனால் அதே வேகத்தில் சுழலும் விசிறி பின்னே தள்ளுவது மெலிந்த காற்றை. எனவே உந்துவிசை பத்தில் ஒன்பதாகிவிடும். இதனைக் கண்டறியச் சுற்றுகளை எண்ணினால் போதாது. விமானத்தின் வாலை ஒரு வில்தராசுடன் பிணைத்து இழுவிசையை அளக்கவேண்டும்.

உபரிதான் உயிர்

சேலத்தில் வில்தராசு 13 கிலோகிராம் எடைக்குச் சமமான உந்துவிசையைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். விமானத்தின் எடை 8 கிலோகிராம். அதைத் தாங்கவே 8 கிலோகிராம் போய்விடும். செங்குத்தாக மேலே ஏறுவதற்கு எஞ்சியிருப்பது 5 கிலோகிராம்.

ஏற்காட்டில் உந்துவிசை 13 × 0.896 = 11.65 கிலோகிராம். விமானத்தின் எடை அங்கும் அதே 8 கிலோகிராம்தான். மலைமீது சென்றதால் அது குறைவதில்லை. எஞ்சும் உபரி 3.65 கிலோகிராம். கவனியுங்கள்: உந்துவிசை குறைந்தது 10 விழுக்காடு; உபரி குறைந்ததோ 27 விழுக்காடு! அந்தரத்தில் தொங்கும் விமானம் தடுமாறிக் கீழிறங்கும்போது அதனைக் காப்பாற்றி மேலே தூக்குவது இந்த உபரிதான்.

தரையிறங்கும்போதும் இதே நிலைதான். இறக்கையின் தூக்குவிசை காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. எனவே ஏற்காட்டில் விமானம் சுமார் 5 விழுக்காடு கூடுதல் வேகத்தோடு தரையைத் தொடவேண்டும். வேகத்தின் இருமடிக்கேற்ப ஓடுதளமும் பத்து விழுக்காட்டுக்கு மேல் நீளவேண்டும். காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் நெருங்கி நிற்கும் மலையில் அத்தகைய சமவெளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இத்தகைய விமானத்துக்கு உந்துவிசை எடையைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்காவது இருக்கட்டும் என்று ஓர் அளவு வைத்துக்கொள்வோம். சேலத்தில் நமக்குக் கிடைப்பது 1.63 மடங்கு, ஏற்காட்டில் 1.46 மடங்கு. சற்றே குறைகிறது.

"அப்படியானால் 100 கன சென்டிமீட்டர் இயந்திரம் வாங்கிவிடலாமே!" என்று தோன்றும். அதன் எடை ஒரு கிலோகிராமுக்கு மேல் கூடுதல். அதைத் தாங்க மூக்குப்பகுதியை வலுப்படுத்தவேண்டும், அதுவும் எடை. அது குடிக்கும் பெட்ரோலும் கூடுதல். மூக்கு கனத்தால் விமானத்தின் புவியீர்ப்பு மையம் முன்னே நகரும். அதைச் சரிசெய்ய வாலிலும் எடை சேர்க்கவேண்டி வரும். அந்த இயந்திரம் இதனினும் பெரிய விமானத்துக்கே உரியது.

மாறாக, இப்போதுள்ள விமானத்தில் 250 கிராம் எடையைக் குறைத்துப் பாருங்கள். 11.65ஐ 7.75ஆல் வகுத்தால் 1.5 வந்துவிடுகிறது! தேவைக்கு மேற்பட்ட பெட்ரோல், கனமான சக்கரங்கள், பல அடுக்கு வண்ணப்பூச்சு ஆகியவற்றைக் குறைத்தாலே இது கைகூடும். அல்லது அதே எடையில் கிடைக்கும் 60 கன சென்டிமீட்டர் இயந்திரத்தை நாடலாம். இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டருகே உள்ள திடலை அல்ல, பறக்கப்போகும் இடங்களிலேயே உயரமானதை மனத்தில் கொள்ளவேண்டும். இதுவே அவருக்கு நான் கூறிய விடை.

ஊசியும் இறங்கும் பாதையும்

மலைத் தோட்டங்களில் மரம் அறுக்கப் பயன்படும் விசை ரம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். இவ்வகை விமான இயந்திரமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டுமே ஒவ்வொரு சுற்றிலும் வெடித்து ஆற்றல் தரும் இருவீச்சு இயந்திரங்கள். மோட்டார் சைக்கிளில் உள்ள மிதவைக் கார்புரேட்டர் தலைகீழாகக் கவிழ்த்தால் வேலை செய்யாது. விசை ரம்பத்தின் கார்புரேட்டரில் மிதவைக்குப் பதிலாக ஒரு மெல்லிய சவ்வு உண்டு. எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது பெட்ரோலைத் தரும். கரணமடிக்கும் விமானத்துக்கு இதுதானே தேவை!

ஆனால் இந்தக் கார்புரேட்டருக்கு மலை ஏறியது தெரியாது. காற்றின் நிறை 10 விழுக்காடு குறையும்போது, அது உறிஞ்சித் தரும் பெட்ரோல் சுமார் 5 விழுக்காடுதான் குறைகிறது. ஆகவே கலவையில் பெட்ரோல் மிஞ்சுகிறது, புகை கூடுகிறது, ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது. ஊசித் திருகைச் சிறிது சிறிதாக மூடி இதனைச் சரிசெய்யலாம்.

ஆபத்து அடுத்த நாள் வருகிறது. ஏற்காட்டில் மூடிய ஊசியோடு சேலத்தில் இயந்திரத்தை ஓட்டினால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த மெலிந்த கலவை உண்டாகும். இருவீச்சு இயந்திரத்துக்கு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. எனவே பெட்ரோல் குறைந்தால் உராய்வைத் தடுக்கும் எண்ணெயும் குறையும், வெப்பமோ கூடும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அது நிகழ்வது வானத்தில் என்றால், 8 கிலோகிராம் எடை எங்கே விழும் என்று யார் சொல்லமுடியும்? மலையை விட்டு இறங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை, ஊசியைப் பழைய நிலைக்குத் திறப்பதே.

இன்னும் ஒரு கணக்கு. 56 சென்டிமீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 7,000 சுற்றுச் சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 205 மீட்டர் வேகத்தில் செல்லும். அது மணிக்கு 738 கிலோமீட்டர்! ஆகவே விமானத்தை உறுதியாகக் கட்டி, பெரியவர் ஒருவர் துணையுடன், விசிறிக்குப் பின்னால் நின்றே சோதிக்கவேண்டும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் 25 கிலோகிராமுக்கு மேற்படாத மாதிரி விமானங்களைக் கண்பார்வைக்குள்ளேயே பறக்கவிடச் சொல்கின்றன. பறக்குமுன் அந்த இடம் அனுமதிக்கப்பட்ட பச்சை மண்டலமா என்று அரசின் வான்வெளி வரைபடத்தில் பார்த்துக்கொள்வது கடமை.

இந்த இயந்திரத்தின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் சேர்வராயன் மலையிலேயே உண்டு. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக முன்பு அது அங்கே வெட்டியெடுக்கப்பட்டது. உலோகத்தைத் தந்த அதே மலைதான் அந்த இயந்திரத்தின் மூச்சையும் பத்தில் ஒரு பங்கு குறைக்கிறது.

செய்து பாருங்கள்: லடாக்கில் உள்ள லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 67 கிலோபாஸ்கல். வெப்பநிலை 17 டிகிரி செல்சியஸ் என்று கொண்டு, நமது 8 கிலோகிராம் விமானத்துக்கு அங்கே எஞ்சும் உபரியைக் கணக்கிடுங்கள். அது அங்கே செங்குத்தாக ஏறுமா?