சூப்பரிண்டெண்டுக்கு ஒரு வெள்ளி விளக்கு

ஸ்ரீரங்கம்

அன்புள்ள மருமகளுக்கு அத்தையின் ஆசிகள்.

நேற்று போனில் நீ கேட்டதற்கு "கொடுக்காதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். பிறகு உன் அப்பா கூப்பிட்டு, "புதுசா வேலைக்குப் போன பொண்ணு, எல்லாரையும் பகைச்சுக்கணுமா அக்கா?" என்று குறைப்பட்டான். அதனால்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு அவனுக்கும் காட்டு.

செக்ஷனில் தலைக்கு 500 ரூபாய் வசூலித்து, தீபாவளிக்கு சூப்பரிண்டெண்டுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கப் போகிறார்கள். வசூல் நோட்டில் உன் பெயருக்கு நேரே மட்டும் காலி. தராவிட்டால் சார் என்ன நினைப்பாரோ என்பது உன் பயம். சார் விளக்கு கேட்டதாக நீ ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவர் கேட்டிருக்கவும் மாட்டார். இப்படிப்பட்ட வசூலைத் தொடங்குகிறவர் செக்ஷனிலேயே யாராவது ஒருவராக இருப்பார். பணம் எல்லாருடையது, விளக்கை நீட்டும் கை அவருடையது.

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964. இலாகா தேர்வுக்கு எப்படியும் படிக்கத்தான் போகிறாய், இப்போதே ஒருமுறை புரட்டு. முன் அனுமதி இல்லாமல் எந்த நோக்கத்துக்காகவும் வசூல் செய்யக் கூடாது என்கிறது 12ஆம் விதி. 13ஆம் விதி பரிசுகளைப் பற்றியது. குரூப் பி அதிகாரியான உங்கள் சார் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசை அனுமதியின்றி வாங்கக் கூடாது. குரூப் சி-யில் இருக்கும் உனக்கு 2,000. இருபது பேர் சேர்ந்தாலே விளக்கு 10,000 ஆகிவிடும். எனக்கு மிகப் பிடித்தது 14ஆம் விதிக்குக் கீழே உள்ள குறிப்பு. மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு வைக்கிற சின்ன வழியனுப்பு விருந்துக்குக்கூட யாரையும் பணம் கேட்டு நெருக்கக் கூடாது. குரூப் சி ஊழியர்களிடம் வசூலித்து மேல்நிலை அதிகாரிக்கு விருந்து வைக்கவே கூடாது. அதை எழுதியவர் ஏதோ ஒரு காலத்தில் வசூல் நோட்டைக் கண்டு பாத்ரூமில் போய் ஒளிந்தவராக இருக்க வேண்டும்!

விதியைக் காட்டி யாரிடமும் சண்டைக்குப் போகாதே. "நான் இதில் சேரலை சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சிரித்துச் சொல். காரணம் கேட்டாலும் அதையே திரும்பச் சொல்.

மேலே இருப்பவருக்குப் பரிசு போவது நேற்று வந்த வழக்கமல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே வாங்கிக் குவித்த வெகுமதிகள் லண்டன் வரை நாறி, 1773ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தில் அதற்குத் தடை போட்டார்கள். அப்படியும் கிறிஸ்துமஸ் வந்தால் துரை பங்களாவுக்குப் பழக்கூடை போவது நிற்கவில்லை. நம் பக்கத்தில் ஜனவரி முதல் தேதி அதிகாரி கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து வணக்கம் சொல்வார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு யாரும் லீவை எதிர்பார்க்க முடியாது. கொடுத்தவர் யார் என்று சாயங்காலம் அதிகாரிக்கே நினைவிருக்காது. மேலே போகிற பரிசுக்கு அதுதான் சரியான அளவு.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், தீபாவளிக்கு அதிகாரி வீட்டுக்குத் தட்டோடு போனவர், போகாதவர் என்று செக்ஷனே இரண்டாகிவிட்டது. அந்த அதிகாரி லஞ்சம் வாங்குகிறவர் அல்ல. வந்த தட்டைத் திருப்பி அனுப்பக் கூச்சப்பட்டவர், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் யாருக்கு லீவு கொடுத்தாலும், நியாயமாகவே கொடுத்தாலும், தட்டுக்காகக் கொடுத்தார் என்று கேன்டீனில் பேச்சு. அதிகம் பேசியது தட்டு கொண்டு போனவர்கள்தான். ஒரு நல்ல அதிகாரியின் மரியாதையை அவருக்குப் பரிசு கொடுத்தவர்களே கெடுத்தார்கள். உங்கள் சாரை நீ மதிப்பது உண்மையானால், அவருக்கு அந்த நிலைமை வர நீ ஒரு கை கொடுக்காதே.

பின்னே மரியாதையை எப்படிக் காட்டுவது என்பாய். கெட்ட செய்தி எதுவானாலும் அடுத்தவர் சொல்லி அவர் கேட்பதற்கு முன்னால் நீ போய்ச் சொல். ஃபைல் தாமதமானால் ஏன் தாமதம் என்று அவர் கேட்கும்வரை காத்திருக்காதே. அவர் முடிவு தவறென்று பட்டால் கேன்டீனில் பேசாமல் குறிப்புத் தாளில் எழுது. அதைத் தள்ளி அவர் வேறு உத்தரவு போட்டால், சட்டத்துக்குப் புறம்பானதாக இல்லாதவரை அதை ஒழுங்காக நிறைவேற்று. உன் குறிப்பு ஃபைலில் இருக்கும். உத்தரவை அவர் வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் உறுதிப்படுத்தித் தரும்படி பணிவாகக் கேள். வாய்மொழி உத்தரவைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று 3ஆம் விதியே சொல்கிறது. காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் சாருக்கு முதல் வணக்கம் யார் போடுவது என்ற போட்டியில் மட்டும் நீ கடைசியாகவே இரு.

வெளியாள் விஷயம் வேறு. உன் மேஜையில் பில் நிலுவையில் உள்ளவர் அனுப்பும் இனிப்புப் பெட்டி 200 ரூபாய் ஆனாலும் தொடாதே. அவர் வேலை நடக்கக் கொடுத்தது என்று ஆகிவிட்டால் அது ஊழல் தடுப்புச் சட்டத்தில் போய் நிற்கும். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் குற்றவாளிதான்.

கொடுக்க ஆசையாக இருந்தால் கீழே பார். உனக்குத் தீபாவளியை ஒட்டி 30 நாள் போனஸ், முழுசாக வந்தால் 6,908 ரூபாய். காலையில் நீ வருமுன் உங்கள் மாடியைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும் அம்மாக்கள் கான்ட்ராக்டர் ஆட்கள். அரசு தரும் அந்தப் போனஸ் அவர்களுக்கு இல்லை. விளக்குக்கு என்று கேட்ட 500 ரூபாயை அவர்கள் கையில் பணமாகவே கொடு. புடவை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் வேண்டாம். எதை வாங்குவது என்று அவர்களுக்குத் தெரியும். நாலு பேர் பார்க்கக் கொடுக்காதே.

அதோடு விடாதே. அவர்களுக்கும் சட்டப்படி போனஸ் உண்டு. 20 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் கான்ட்ராக்டர், ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் தரவேண்டும். வந்ததா என்று கேள். வரவில்லை என்றால் ஒரு குறிப்பு எழுதி, உங்கள் சார் வழியாகவே நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பு. கணக்காண்டு முடிந்து 8 மாதத்துக்குள் போனஸைக் கொடுத்தாக வேண்டும். மார்ச்சில் முடிந்த ஆண்டுக்குக் கெடு நவம்பர் 30.

அன்புடன்,
அத்தை