சின்னக் கார், பெரிய வளைவு



சென்னையிலிருந்து செங்குன்றம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் செல்வோர் சோழவரம் என்னும் ஊரைக் கடந்தே போக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது பயனற்றுக் கிடந்தது. 1950-களிலிருந்து 1980-களின் இறுதி வரை மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்களையும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களையும் நடத்தி வந்தது. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் அமைந்ததும் சோழவரத்தின் ஆரவாரம் அடங்கியது.

அங்கே ஓடியவை எல்லாம் அயல்நாட்டுப் பெருங்கார்கள் என்று எண்ண வேண்டாம். பம்பாயில் தயாரான 1,089 கன செ.மீ. ஃபியட்டும், சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் உருவான 948 கன செ.மீ. ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அங்கே பந்தயக் கார்களாக ஓடின. மற்ற நாட்களில் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் சாதாரண வண்டிகள்தாம் அவை!

இன்று பழவேற்காட்டு ஏரிக்கரையில், கூனங்குப்பத்திலும் லைட் ஹவுஸ் குப்பத்திலும்கூட, மாணவர்கள் கைப்பேசியில் கார்ப் பந்தயம் விளையாடுகிறார்கள். 1997-இல் ஜப்பானில் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ’ வரிசை, அதன் பின் வந்த ‘ஃபோர்சா’ வரிசை முதலிய வீடியோ விளையாட்டுகளில் அதிவேகக் கார்களுக்கு நடுவே பழைய சின்னக் கார்களும் நிற்கின்றன. 1957-இல் இத்தாலியில் பிறந்த ஃபியட் 500 அவற்றில் ஒன்று. அதன் என்ஜின் அப்போது வெறும் 479 கன செ.மீ. 1959-இல் பிரிட்டனில் பிறந்த மினி மற்றொன்று. வேகத்தில் பின்தங்கிய இவற்றுக்கு அங்கே என்ன வேலை? விடை வளைவுகளில் இருக்கிறது.

வளைவில் என்ன நடக்கிறது?

ஏரியில் என்ஜின் படகு வேகமாகத் திரும்புவதைப் பாருங்கள். படகின் மூக்கு திரும்பிய பிறகும் உடல் பழைய திசையிலேயே சிறிது தூரம் வழுக்கிச் செல்லும். நேர்கோட்டில் செல்லும் பொருள் நேர்கோட்டிலேயே செல்ல முயல்கிறது. இதுவே நிலைமம். வளைந்து செல்ல வேண்டுமானால் வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதனை மையநோக்கு விசை என்கிறோம். சமதளச் சாலையில் காருக்கு இந்த விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே.

தேவைப்படும் மையநோக்கு விசை = நிறை × வேகத்தின் இருமடி ÷ வளைவின் ஆரம்.

உராய்வு தரக்கூடிய பெரும விசை = உராய்வுக் குணகம் × நிறை × புவியீர்ப்பு முடுக்கம்.

இரண்டையும் சமப்படுத்துங்கள். இரு பக்கமும் உள்ள நிறை நீங்கிவிடுகிறது! எனவே,

பெரும வேகத்தின் இருமடி = உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு முடுக்கம் × ஆரம்.

வளைவின் ஆரம் 40 மீட்டர், உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் குணகம் 0.8, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம். வேகத்தின் இருமடி 320. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 17.9 மீட்டர், அதாவது மணிக்கு 64 கி.மீ. ஐந்நூறு குதிரைத்திறன் கொண்ட காராயினும் சரி, ஐம்பது குதிரைத்திறன் காராயினும் சரி, இந்தக் கணக்கில் எல்லை ஒன்றுதான். என்ஜினின் பலம் இந்தச் சமன்பாட்டில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சிறியதன் சிறப்பு

எல்லை ஒன்றுதான் என்றால் சின்னக் காருக்கு என்ன சாதகம்? மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, அகலம். மினியின் அகலம் ஏறத்தாழ 1.4 மீட்டர். 6 மீட்டர்ச் சாலையில் அதற்கு 4.6 மீட்டர் இடம் மிஞ்சும். 1.9 மீட்டர் அகலமுள்ள பெரிய காருக்கு மிஞ்சுவது 4.1 மீட்டரே. மிஞ்சிய இடத்தைக் கொண்டு சின்னக் கார் வளைவை வெளி ஓரத்தில் தொடங்கி, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்தில் முடிக்கிறது. அதன் பாதையின் ஆரம் கூடுகிறது. ஆரம் கூடினால் பெரும வேகமும் கூடும்.

இரண்டாவது, திரும்பும் சுறுசுறுப்பு. மீன் நிறைந்த படகைவிட வெறும் படகு சட்டென்று திரும்புவதைப் பழவேற்காட்டு மாணவர்கள் நன்கு அறிவார்கள். நிறை குறைவாகவும் நீளம் குட்டையாகவும் இருந்தால் நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது. அடுத்தடுத்து வரும் வளைவுகளில் இது பெரிதும் உதவும்.

மூன்றாவது, டயரின் இயல்பு. பாடநூலில் உராய்வுக் குணகத்தை மாறிலி என்று படிக்கிறோம். உண்மையான ரப்பர் டயரிலோ சுமை ஏற ஏற அது சற்றுக் குறைகிறது. இலேசான காருக்கு இங்கும் ஒரு சிறு இலாபம் உண்டு.

மினியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. குறைந்த எரிபொருளில் நால்வரைச் சுமக்கும் கார் தேவைப்பட்டது. அவர் என்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்து, முன்சக்கரங்களை ஓட்டச் செய்து, நான்கு சிறிய சக்கரங்களையும் நான்கு மூலைகளில் பொருத்தினார். பந்தயத்துக்காக அல்ல, இடத்தை மிச்சப்படுத்தவே இதனைச் செய்தார். ஆனால் என்ஜினின் எடை ஓட்டும் சக்கரங்களின் மேல் அமர்ந்ததால் வழுக்கும் தரையிலும் பிடிப்பு கிடைத்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மாண்டி கார்லோ ராலியில் மினி கூப்பர் எஸ் வெற்றி பெற்றது. 1964-இல் அதனை ஓட்டியவர் பேடி ஹாப்கர்க். அந்தக் காரின் என்ஜின் 1,071 கன செ.மீ. இரண்டாவதாக வந்த ஃபோர்டு ஃபால்கனின் என்ஜினோ ஏறத்தாழ 4,700 கன செ.மீ.! சிறிய கார்களுக்குச் சலுகை தந்த மதிப்பெண் முறையும் அவ்வெற்றிக்குத் துணை நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதே அமைப்பு நம் நாட்டுக்கு 1983-இல் மாருதி 800 ஆக வந்தது. குறுக்குவாட்டு என்ஜின், முன்சக்கர ஓட்டம், 796 கன செ.மீ. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அதன் என்ஜினைக் கொண்டே 1980-களின் பிற்பகுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். தொடக்க காலத்தில் அவ்வகைக் காரில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

கணிப்பொறி போடும் கணக்கு

வீடியோ விளையாட்டுக்குள் டயரும் இல்லை, தாரும் இல்லை, எண்கள்தாம் உண்டு. கணிப்பொறி ஒரு நொடியை அறுபது துண்டுகளாகவோ அதற்கும் மேலாகவோ பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் சக்கரங்களின் மேலுள்ள விசைகளைக் கூட்டி, நிறையால் வகுத்து, முடுக்கத்தைக் காண்கிறது. முடுக்கத்திலிருந்து புதிய வேகம், வேகத்திலிருந்து புதிய இடம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு துண்டு நேரத்தில் 33 செ.மீ. நகரும். உடனே அடுத்த கணக்கு தொடங்கும். நியூட்டனின் விதிதான் அங்கும் ஆட்சி செய்கிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. விளையாட்டில் உராய்வுக் குணகம் என்பது யாரோ ஒருவர் எழுதி வைத்த எண். ஆட்டம் சுவைப்பதற்காகப் பல விளையாட்டுகளில் அதனைத் தாராளமாகவே எழுதிவிடுகிறார்கள். சாலையிலோ அந்த எண்ணை மழையும் மணலும் தேய்ந்த டயரும் எழுதுகின்றன. கடலோரச் சாலையில் காற்று மணலை வாரிப் போட்டுவிடும். குணகம் 0.4 ஆகக் குறைந்தது என்று கொள்ளுங்கள். அதே 40 மீட்டர் வளைவில் எல்லை 64-இலிருந்து 45 கி.மீ. ஆக இறங்கிவிடுகிறது. அப்போது ஒருவர் 60 கி.மீ. வேகத்தில் நுழைந்தால் அவர் வண்டி 69 மீட்டர் ஆரத்தில்தான் வளைய முடியும். சாலை 40 மீட்டரில் வளைகிறது; வண்டி வளையவில்லை. முடிவை நீங்களே ஊகிக்கலாம். இரு சக்கர வண்டிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இதே கணக்குத்தான். விளையாட்டில் விழுந்த வண்டி மறுநொடி எழுந்து நிற்கும். சாலையில் அப்படி இல்லை.

செய்து பாருங்கள்

ஒரு பலகையின் மேல் பென்சில் அழிக்கும் ரப்பரை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ரப்பர் வழுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயர்ந்த முனையின் உயரத்தை அளந்து, அடித்தள நீளத்தால் வகுங்கள். கிடைப்பதே உராய்வுக் குணகம். அடுத்து ரப்பரின் மேல் சில நாணயங்களை நூலால் கட்டிவிட்டுச் செய்யுங்கள். விடை பெரிதாக மாறாது. பின்னர்ப் பலகையில் ஒரு பிடி உலர்ந்த கடல் மணலைத் தூவிச் செய்யுங்கள். மூன்று விடைகளையும் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 40 மீட்டர் வளைவின் பெரும வேகத்தைக் கணக்கிடுங்கள்.