கம்பத்தில் மூன்று பலகை

கலிஃபோர்னியாவில் கார் ஓட்டப் போகிறீர்களா? லைசென்ஸ், இன்சூரன்ஸ் பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது பார்க்கிங் கம்பத்தைப் பற்றி.

ஒரு சனிக்கிழமை மாலை கடைத்தெருவில் காரை நிறுத்தினேன். கம்பத்தில் மூன்று பலகைகள். மேலே சிவப்பில் 'நோ ஸ்டாப்பிங், 4 பி.எம். டு 7 பி.எம்.' நடுவில் செவ்வாய்க்கிழமை தெரு கூட்டும் நேரம். கீழே பச்சையில் 'டூ அவர் பார்க்கிங், 8 ஏ.எம். டு 6 பி.எம்., எக்செப்ட் சாட்டர்டே அண்ட் சண்டே'. அந்தக் கடைசி வரி கம்பம் முழுமைக்கும் என்றுதான் யாரும் படிப்பார்கள். அது பச்சைப் பலகைக்கு மட்டுமாம். திரும்பி வந்தால் காரைக் காணோம். அபராதம், காரை இழுத்துப்போனவர்களின் கூலி, அவர்கள் இடத்தில் அது நின்றதற்கு வாடகை என்று வரிசையாகக் கட்டினேன்.

"இங்கிலீஷ்ல எம்.ஏ. படிச்ச உங்களுக்கேவா புரியல?" என்றார் உடன் வேலை பார்ப்பவர். இன்னும் உறுத்துகிறது. என் ஆங்கிலத்தில் என்ன குறை? பலகையில் வினைச்சொல் கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. 'சனி, ஞாயிறு தவிர' என்று நாம் முதலிலேயே சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் அது வாலாகத் தொங்குகிறது. மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டிவிட்டால் வால் எதனுடையது என்று எப்படித் தெரியும்? சாலைத் தரையில் எழுதியிருப்பதோ தலைகீழ்: 'ஸ்டாப் அஹெட்' என்பதில் 'ஸ்டாப்' வண்டிக்கு அருகில், 'அஹெட்' அதற்கு அப்பால். கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸில் அபராதம் கட்டிய நிக்கி சிலியான்டெங் என்ற வடிவமைப்பாளர், 2014இல் இந்த அடுக்கையெல்லாம் ஒரே கால அட்டவணையாக்கிக் காட்டினார். நிறுத்தலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. 2015இல் அந்த நகரமே அத்தகைய பலகைகளை வைத்துச் சோதித்தது. பழைய பலகை தெளிவாக இருந்தால் இது எதற்கு?

அதனால், ஒவ்வொரு பலகையையும் தனி உத்தரவாகப் படியுங்கள். சிவப்பை முதலில். 'எக்செப்ட்' தன் பலகையைத் தாண்டாது. 'நோ பார்க்கிங்' என்றால் ஆளையோ சாமானையோ இறக்கிவிட்டுப் போகலாம். 'நோ ஸ்டாப்பிங்' என்றால் அதுவும் கூடாது. நடைபாதை விளிம்பில் சிவப்புச் சாயம் இருந்தாலும் அப்படியே. அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பாருங்கள். இறங்கியதும் கம்பம் முழுவதும் தெரிய ஒரு படம் எடுங்கள். என் மேல்முறையீட்டை 'பலகை தெளிவாக உள்ளது' என்ற ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். காட்ட என்னிடம் படம் இல்லை.