வினிகரா, புளியா, எலுமிச்சையா?

ஃபிரைடு ரைஸுக்காக வாங்கிய வினிகர் பாட்டில் பல வீடுகளில் பாதி தீர்ந்த நிலையில் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. அதே பாட்டிலைக் கொண்டு வீட்டில் எதையும் பளிச்சிட வைக்கலாம் என்று கைபேசியில் வரும் வீடியோக்கள் சொல்கின்றன. அவ்வளவையும் நம்ப வேண்டாம், பாட்டிலைத் தூக்கியெறியவும் வேண்டாம். வினிகருக்குச் சில வேலைகள் அருமையாக வரும். சிலவற்றைப் புளியும் எலுமிச்சையும் அதைவிட நன்றாகச் செய்யும். சில இடங்களில் புளிப்பு எதுவுமே படக் கூடாது.

கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம், மீதி தண்ணீர். அமிலத்தில் நீர் கலந்து தயாரித்தது என்றால் லேபிளில் ‘சிந்தடிக்’ என்று இருக்கும். துடைக்கவும் கழுவவும் அதுவே போதும். புளிக்கவைத்து எடுத்த வினிகரைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து வரும் வினாகிரியைக் குழாய் கழுவக் கொட்டுவது அதன் மணத்துக்கும் ருசிக்கும் செய்யும் அநியாயம்.

வினிகர் தன் பெயரைக் காப்பாற்றும் இடம் உப்புக்கறை. போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாய் முனையிலும் ஷவரிலும் கெட்டிலின் அடியிலும் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அது அசையாது. அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். கெட்டிலில் வினிகரும் தண்ணீரும் சமமாக ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கொட்டிவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரை ஓரிரு முறை கொதிக்கவைத்து ஊற்றினால் வாடையும் போய்விடும். ஷவருக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் நிரப்பி, துளைகள் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விடலாம். இரவு முழுக்க விட்டால் குரோமியப் பூச்சு மங்கக்கூடும்.

இதே வேலைக்குச் சிட்ரிக் ஆசிட் தூளும் உண்டு. லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டுக் கரைத்தால் போதும், மூக்கைத் துளைக்கும் வாடை இல்லை. வாளியிலும் வாஷ்பேசினிலும் செம்பழுப்பாகப் படியும் இரும்புக் கறைக்கு வினிகரைவிட இதுதான் கைகொடுக்கும். சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்து நீரோடு இழுத்துப் போய்விடும். உப்பும் துருவும் சேர்ந்து வருகிற தண்ணீர் உங்களுடையது என்றால் வினிகரை விட்டுவிட்டு இந்தத் தூளையே வாங்குங்கள்.

குத்துவிளக்குக்கும் செம்புப் பாத்திரத்துக்கும் புளிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் கருத்த மேற்படலத்தைக் கரைக்கிறது. கூடவே கொஞ்சம் கல்லுப்பு சேர்த்தால் வேலை வேகமாகும். புளிச்சக்கை விளக்கின் வளைவுகளில் ஒட்டி நிற்கும். வினிகரோ வழிந்து ஓடிவிடும், துடைக்காமல் விட்ட இடத்தில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். குழம்புக்குக் கரைத்தபின் மிஞ்சும் சக்கையே தேய்க்கப் போதும். எதைக் கொண்டு தேய்த்தாலும் உடனே கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்து வையுங்கள். வெள்ளி கறுப்பது வேறு சமாச்சாரம். அது கந்தகத்தால் வருவது, புளிப்புக்கு மசியாது. அதற்கு வழக்கம்போல விபூதி போதும்.

அலுமினியக் குக்கரின் உட்புறம் கறுக்காமல் இருக்க, அடியில் ஊற்றும் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றைப் போடுங்கள். இதற்கென்று வினிகரைத் திறக்க வேண்டியதில்லை. மீன் கழுவிய சட்டிக்கும் கைக்கும் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் சரி. மீன் வாடை காரத்தன்மை கொண்ட பொருளால் வருவது, புளிப்பு பட்டதும் அடங்கிவிடும். அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கை இந்த மூன்றில் எதுவும் எடுக்காது. அதற்குச் சோப்பும் வெந்நீரும்தான்.

இனி, மிக முக்கியமானது. மார்பிள், கடப்பா கல், மொசைக் தரை, செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடு, இவற்றின் மேல் எந்தப் புளிப்பையும் ஊற்றாதீர்கள். மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்புக் கற்கள். ஆத்தங்குடி ஓடு சிமெண்டால் ஆனது. மொசைக்கில் மார்பிள் சில்லும் சிமெண்டும் இரண்டுமே உண்டு. உங்கள் கெட்டிலின் உப்பைக் கரைத்த அதே அமிலம் இவற்றின் பளபளப்பையும் அரித்துவிடும். அந்த மங்கல் துடைத்தால் போகாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். பல வருடம் பக்குவப்பட்ட தரையை ஒரு வீடியோவை நம்பிப் பாழாக்குவது மனசைச் சங்கடப்படுத்தும் விஷயம். பழக்கிய இரும்புத் தோசைக்கல்லுக்கும் இதே எச்சரிக்கை. எண்ணெய் ஊறிய அதன் கருப்புப் படலம் உரிந்து துருப்பிடிக்கும்.

ஆப்பசோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவைக்கும் வித்தை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடக்கிவிட, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர்தான். அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சோடா, உப்புக்கறைக்கு வினிகர் என்று தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். கிருமி ஒழிய வேண்டிய கழிப்பறைக்கு வினிகரை நம்ப வேண்டாம். அங்கே பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் அதோடு வினிகரையோ வேறு எந்த ஆசிட்டையோ சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். இந்த இரண்டு பொருட்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். வீட்டு வேலைக்கு உதவ வருகிறவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.