அடுப்பையும் பாரு, பிள்ளையையும் பாரு என்று சொல்லலாமா?



மட்டக்களப்பு - கல்முனை வீதியில் தேற்றாத்தீவு என்று ஓர் ஊர் இருக்கிறது. தேற்றா மரத்தால் வந்த பெயர் என்பார்கள். குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்து, கலங்கிய தண்ணீரை ஊற்றி வைத்தால் மண் அடியில் படிந்து தண்ணீர் தெளியும். ஆனால் குடத்தை ஆட்டக் கூடாது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். வயதானவர்களின் கவனமும் அப்படித்தான்.

"அப்பாயிக்குப் புத்தி மழுங்கிப் போச்சு, மூணு தரம் சொன்னாலும் ஏறல" என்று லயத்தில் பேசிக்கொள்கிறோம். இது சரியா?

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் இது கூடுதல். கவனத்தை ஒன்றில் நிறுத்துவதும், வேண்டாத சத்தத்தைத் தள்ளி வைப்பதும் அந்தப் பகுதியின் வேலை. அதனால்தான் ரேடியோ பாட, பிள்ளை அழ, நாமும் பேசினால் அவர் தடுமாறுகிறார்.

ஆனாலும் மூளை சும்மா இருப்பதில்லை. இளையவர்கள் பெரும்பாலும் ஒரு பக்க மூளையால் செய்யும் சில வேலைகளுக்கு, முதியவர்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவதை ஆய்வாளர்கள் மூளைப் படங்களில் கண்டிருக்கிறார்கள். பாரமான கூடையை இரண்டு கையாலும் தூக்குவது மாதிரி. வேகம் குறையும், பல வருடம் பழகிய அறிவு லேசில் குறையாது.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஒரு நேரத்தில் ஒரு விஷயம். முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள்.

2. "அடுப்பையும் பாரு, பிள்ளையையும் பாரு" என்று வேலைக்குப் போகாதீர்கள். ஆபத்து அங்கேதான்.

3. கண், காது, பிரஷர், சீனி வருத்தம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளச் செய்யுங்கள். மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் திருத்தக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் சொன்னது. இந்த நான்கும் அதில் உண்டு. புகை, அதிகக் குடி, தனிமை ஆகியவையும் உண்டு.

பழகிய பாதையில் வழி தவறினால் அதை வயசு என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென வாய் கோணினாலோ, பேச்சுக் குளறினாலோ, குழப்பம் வந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நம்மை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறியவர்கள் அவர்கள். ஒரு பதிலுக்காக நாம் ஒரு நிமிஷம் பொறுத்திருப்போம்.